கண் திறந்த கத்தியவார் குதிரை

காலை 9.20க்குத் திருநெல்வேலியில் பேருந்து ஏறினேன். ஆளில்லாத இருக்கைகளில் எல்லாம் துண்டு உட்கார்ந்திருந்தது. நாங்குநேரி வரை நின்றேன்.

11.30, திசையன்விளை. நான்கு கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் 150 ரூபாய் கேட்டார். கொள்ளை. குதிரை அருங்காட்சியகம் என்றேன்.

"குதிரைசாமி கோயில்னு சொல்லுங்க அண்ணாச்சி. வெள்ளிக்கிழமைன்னா எரநூறு."

செம்மண் காட்டில் ஒரு தகரக் கொட்டகை. கால்நடை மருத்துவமனையில் கம்பவுண்டராக இருந்த செல்லத்துரை, ஓய்வுப் பணத்தில் கட்டியது. கடிவாளம், லாடம், குதிரைகள் கப்பலில் வந்திறங்கிய துறைமுகங்களின் வரைபடம் எல்லாம் உண்டு. நடுவில் ஆளுயரக் கத்தியவார் குதிரை, குஜராத் இனம், மண்ணால் செய்தது. இரண்டு காது நுனியும் வளைந்து ஒன்றையொன்று தொடும். அந்த இனத்தின் அடையாளமே அதுதான். நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் எலுமிச்சை மாலை.

"தப்பு எம்மேலதான்," என்றார் செல்லத்துரை. "கோயிலுக்குக் குதிரை செய்யுத வேளார்ட்ட வேலையக் குடுத்துட்டேன். அவரு வழக்கம்போல சேவல் அறுத்துல்லா கண் தொறந்துட்டாரு. அதுலேருந்து இது சாமியாயிட்டு, ஒருத்தனும் லாடத்தப் பாக்க மாட்டேங்கான்."

பன்னிரண்டு மணிக்குச் சுற்றுலா அதிகாரி வருகிறாராம். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் சேர்ந்தால் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். கோயில் என்று தள்ளிவிட்டால் பூட்டிவிட வேண்டியதுதான்.

அவர் வருவதற்குள் கோயில் அடையாளத்தை அழித்துவிடலாம் என்று நானே மாலையை அறுத்தேன். ஈரத்துணியால் குங்குமத்தைத் தேய்த்தேன், பெயிண்டும் சேர்ந்து வந்தது. தேங்காயோடு வந்த பெண் வாசலில் நின்று கேட்டாள்: "சாமி மொகத்த எதுக்குவே சொரண்டுதீரு?" எனக்குக் கோபம் வந்தது.

12.15க்கு அதிகாரி வந்தார். "செருப்போட வாங்க சார்," என்று செல்லத்துரை கெஞ்சினார். அதிகாரி கழற்றிவிட்டார். வரைபடம், கடிவாளம் எதையும் பார்க்காமல் குதிரை முன்னால் கைகூப்பினார். "மகளுக்கு வரன் தள்ளிக்கிட்டே போவுது. இங்க கேட்டா நடக்கும்னு சொன்னாவ."

செல்லத்துரை குதிரைப் பக்கத்தில் போய் நின்றார். பிறகு, "மூணு சுத்து சுத்துங்க சார். பைய சுத்துங்க," என்றார்.

முதல் சுற்றில் காதைப் பற்றிச் சொன்னார். இரண்டாவதில் முதுகு. மூன்றாவதில் குளம்பு. அதிகாரி பயபக்தியோடு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் எந்தப் பொருளையும் யாரும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. நான் உட்பட.

"பட்டியல்ல போட்டுருதேன்," என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார். எந்தப் பட்டியல், அருங்காட்சியகமா கோயிலா என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை.