கயிறு அவிழாத படகு

மழையில் நனைந்த கம்பளிச் சட்டையை இன்று அடுப்பருகே காயப்போட்டபோது எழுந்த வாடையில், கொடைக்கானலுக்கு மேலே ஓர் ஏரிக்கரையில் சிறுமிகள் நாங்கள் முகாமிட்டிருந்த தகரக் கொட்டகை நினைவுக்கு வந்தது. இப்போது அங்கே ஒரு விடுதியின் மதில்தான் நிற்கிறது. எனக்கு அப்போது பதினோரு வயது. பெரும்பாறைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த செல்வராணி, இரண்டு நாட்களாக யாரோடும் பேசாமல் இருந்தாள். அவளையும் என்னையும் ஒரே படகில் ஏற்றினார்கள். மூச்சு வாங்கத் துடுப்புப் போட்டும் படகு நகரவே இல்லை, கரையே சிரித்தது.

"ஏ புள்ளைகளா, கயித்த அவுக்காம எங்க போறீங்க?" என்று டீச்சர் கத்தினார்.

அவிழ்க்க நான் எழுந்ததும் படகு சாய்ந்து, இருவரும் தண்ணீரில் விழுந்தோம். செத்தேன் என்று அலறினேன். செல்வராணி என்னை இறுகக் கட்டிக்கொண்டு, "விட மாட்டேன், விட மாட்டேன்" என்றாள். தண்ணீர் இடுப்பளவுதான் என்று தெரிந்து எல்லோரும் மறுபடி சிரித்தபோதும் அவள் பிடி தளரவில்லை.

கொட்டகையில் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து, விறகுப் புகையில் எங்கள் சட்டைகள் உலர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சொன்னாள்: "போன வருசம் எந்தம்பி கெணத்துல விழுந்துட்டான். நான் பக்கத்துலதான் நின்னேன். புடிக்க முடியல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எல்லோரும் படகுத்துறைக்குப் போனபோது நான் பயந்து பின்னால் நின்றேன். செல்வராணி முதலில் ஏறி உட்கார்ந்து, பக்கத்துப் பலகையைத் தட்டி, "வா" என்றாள்.