குங்கிலியம் போட்ட பெல்ட்

பக்கத்து வீட்டு நிக் தன் கராஜ் கதவைத் திறந்தால் எனக்கு அடுப்பில் வைத்த கறி மறந்துபோகும். அவரிடம் நாலு சில்லு மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. சேற்றிலும் மணலிலும் ரேஸ் ஓடுகிற சாதி. வாங்கினபடி அதை ஓட்டுவதில்லை அவர். சைலன்சரை மாற்றுவார், சில்லுகளை அகட்டுவார், ஸ்பிரிங்கை இறுக்குவார், ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து திரும்பவும் கழற்றுவார். போன சனிக்கிழமை அப்படி ஓடிவிட்டு வந்து நின்றபோது கருகின றப்பர் மணம் வேலி தாண்டி வந்தது. கறிவேப்பிலைச் சாடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நான் மோந்து பார்த்தேன்.

"பெல்ட் வழுக்குது" என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலிஷில்.

மூடியைக் கழற்றிப் பார்த்தார். வழுக்கித்தான் இருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டார். நானும் ஒருகாலம் ரேஸ் ஓடினவள் என்றேன். மனிசன் மரியாதையாகச் சிரித்தார். வீட்டுச்சட்டையும் கம்பளிக் காலுறையுமாக நிற்கிற ஒருத்தி அப்படிச் சொன்னால் நானும் சிரித்திருப்பேன். அவருக்கு லான்ட்மாஸ்ரர் என்றால் என்னவென்று விளங்கப்படுத்த என் இங்கிலிஷ் போதவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் முதற்பாதி. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற குடியேற்றத் திட்டத்தில் எங்களுக்கு வயல் காணி இருந்தது. என்னைப் பெற்ற ஐயா நோயோடு கட்டிலில். என் தமையன் குலத்தண்ணை கிளிநொச்சி டவுணில் ஒரு லேத் பட்டறையில் வேலை. ஆகவே உழவு என் பொறுப்பு. எங்கள் லான்ட்மாஸ்ரர், முன்னால் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், இரண்டு சில்லு, நீண்ட இரண்டு கைப்பிடி; உழாத நாளில் பின்னால் ரெயிலர் என்கிற இழுவைப் பெட்டியைக் கொழுவி அதில் இருந்து ஓட்டலாம். அந்தப் பகுதியில் லான்ட்மாஸ்ரர் பிடித்த பெண் நான் ஒருத்திதான். முதலில் பார்த்தார்கள், பிறகு கதைத்தார்கள், பிறகு தங்கள் வயலையும் உழுது தரச்சொல்லி வந்து நின்றார்கள்.

பொருளாதாரத் தடையால் டீசல் வராத காலம் அது. மண்ணெண்ணெயில் தேங்காயெண்ணெய் கலந்துதான் எஞ்சினை ஓட்டினோம். புகைக்குழாயால் வடை பொரிக்கிற மணம் வரும். பசியோடு உழுகிற நாளில் அது பெரிய கொடுமை. உதிரிப்பாகங்களும் வராது. எஞ்சினில் இருந்து கியர்ப் பெட்டிக்குச் சுற்றுகிற பெல்ட் இரண்டும் தேய்ந்து அறுந்துவிட்டன. பழைய லொறி ரயரை வாராக அரிந்து தைத்துப் போட்டோம். அது வழுக்கும். வழுக்காமல் இருக்கக் குங்கிலியத்தை இடித்துத் தூவுவோம். சூடேறினால் அது புகையும். ஆக எங்கள் வண்டி ஓடினால் வடையும் கோயிலும் சேர்ந்து மணக்கும். "சாமிக்குப் போடுற சாமானை எஞ்சினுக்குப் போடுறியள், உருப்படுவியளோ?" என்று அம்மா கேட்பா. அந்த எஞ்சின்தான் எங்களுக்குச் சோறு போடுது, அதுக்குப் போட்டால் குற்றமில்லை என்பான் குலத்தண்ணை.

சித்திரை வருசப்பிறப்புக்கு வாசிகசாலைக்காரர் விளையாட்டு விழா வைப்பார்கள். தலையணைச் சண்டை, கயிறிழுத்தல், கடைசியாக அறுவடை முடிந்த வயலைச் சுற்றி லான்ட்மாஸ்ரர் ஓட்டம். அந்த வருசம் முதற்பரிசு என்ன என்று சொன்னபோது, திரும்ப ஒருக்கால் சொல்லுங்கோ என்றேன். பெட்டி உடைக்காத ஒரு சோடி புதுப் பெல்ட். எங்கிருந்து எடுத்தார்களோ, கடவுளுக்குத்தான் தெரியும். வருசத்தின் இரண்டாம் விதைப்பான சிறுபோகம் தொடங்க இருந்தது. ரயர்ப் பெல்ட் இன்னொரு போகம் தாங்காது என்பது எனக்கு நல்லாகத் தெரியும்.

"ஓடி எஞ்சின் வெடிச்சா?" என்று கேட்டா அம்மா. "சிறுபோகத்துக்கு என்னத்தைப் பிடிச்சு உழப்போறாய்?"

"வெடிக்காது" என்றேன். எந்த ஆதாரமும் இல்லாமல் அப்படி உறுதியாகச் சொல்கிற வயது.

முந்தின இரண்டு வருசமும் வென்றவர் செல்லமுத்து. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் காணிக்காரர். மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் இருந்து ஒரு கலவரத்தில் அடிபட்டு வந்து, காட்டை வெட்டி வயலாக்கின குடும்பம். மெலிந்த மனிசர். ஓட்டும்போது வண்டியோடு ஏதோ கதைத்துக்கொண்டே போவார். அவரை வெல்ல வேண்டுமென்றால் உள்ளபடி ஓடிச் சரிவராது.

குலத்தண்ணை முதலில் எஞ்சினில் பெல்ட் ஓடுகிற கப்பியை மாற்றினான். உடைந்த நெல்லு மில் ஒன்றின் பெரிய கப்பியை லேத்தில் கடைந்து கொண்டுவந்து பூட்டினான். கப்பி பெரிதானால் சில்லு வேகமாகச் சுற்றும் என்பது கணக்கு. கணக்குச் சரிதான். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவனர் ஸ்பிரிங்கையும் இறுக்கிவிட்டுத் தானே ஏறி இருந்தான். என் தமையன் நல்ல உடம்பு. பெல்ட்டைப் பிடிக்கவிட்டதும் ரெயிலர் பின்னால் பதிய, எஞ்சின் மூக்கைத் தூக்க, வண்டி குதிரை மாதிரி எழும்பி நேரே வாய்க்காலுக்குள் இறங்கியது. மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவன் சொன்னான்: "வேகம் பிழையில்லை."

அன்றைக்கே முடிவாகிவிட்டது, ஓடுகிறவள் நான் என்று. பாரம் குறைந்த ஆள் வேறு யார்?

நான் என் பங்குக்கு யோசித்தேன். நாள் முழுக்க அந்தக் கைப்பிடியைப் பிடிக்கிறவளுக்கு ஒன்று விளங்கும். நேராக ஓடுவதில் பெரிய வித்தியாசம் வராது. வளைவில்தான் எல்லோரும் வேகத்தைக் குறைக்கிறார்கள், குறைக்காவிட்டால் பிரளும். எனவே சில்லுகளைக் கழற்றி, உட்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பிப் பூட்டச் சொன்னேன். ஒவ்வொரு பக்கமும் ஒரு சாணுக்குக் கிட்ட அகன்றது. ரெயிலரின் பக்கப் பலகைகளைக் கழற்றினோம். ஆசனத்தை முன்னுக்கு நகர்த்தி, கவனிப்பாரற்றுக் கிடந்த பஸ் ஒன்றின் ஸ்பிரிங்கை அதற்குக் கீழே வைத்தோம். வரம்பு தாண்டும்போது முதுகெலும்பு மிஞ்ச வேண்டுமே. எஞ்சினுக்கு முன்னால் மணல் மூட்டை ஒன்று. கப்பியைக் கொஞ்சம் சிறிதாகத் திரும்பக் கடைவித்தேன். "என்ர கப்பியைக் கெடுத்துப்போட்டாய்" என்று குலத்தண்ணை மூன்று நாள் முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தான். ஓட்டிப் பார்த்த அன்று போய் எனக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தான்.

சைலன்சரையும் கழற்ற அவனுக்கு ஆசை. அது மட்டும் நடக்கவில்லை. வாசிகசாலைச் செயலாளர் தம்பிராசா மாஸ்ரர் வீட்டுக்கே வந்து சொன்னார்: "சைலன்சர் இல்லாத வண்டி வயலுக்குள்ள இறங்கப்படாது. அந்தச் சத்தத்தில குண்டு போடுற பொம்பர் வாறது கேக்காது." வயலோரத்துப் பாலை மரத்தில் இரண்டு பேரை ஏற்றி, பொம்பரைக் கண்டால் தட்டுவதற்கு ஒரு தண்டவாளத் துண்டையும் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ரயில் வராத தண்டவாளம் அப்போது எங்களுக்குப் பள்ளிக்கூட மணியாகவும் பதுங்குகிற பங்கருக்குக் கூரையாகவும் உதவிக்கொண்டிருந்தது. மரத்தில் இருந்தவர்கள் ரேஸைப் பார்க்கக்கூடாது, வானத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது மாஸ்ரரின் கட்டளை. பாவம், அவர்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

ஓட்டத்தன்று வயல் வரம்பெல்லாம் சனம். ஐந்து வண்டி இறங்கின. ஒன்று தொடக்கத்திலேயே பெல்ட் அறுந்து நின்றது. ஒன்று முதல் வரம்பில் ஏறி ரெயிலர் கழன்றது. மூன்றாவது எங்களுக்கு மிகவும் பின்னால். செல்லமுத்து முன்னே, நான் பின்னே. நேர்ப் பாதையில் அவர் தள்ளிக்கொண்டு போவார். வளைவில் நான் கிட்டப் போவேன். அவர் வேகத்தைக் குறைக்கிற இடத்தில் நான் குறைக்கவில்லை. அகட்டின சில்லு நிலத்தைப் பற்றிப்பிடித்துக்கொண்டு திரும்பியது. அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்ல? ஒரு யந்திரத்துக்கு நீங்கள் யோசித்துச் செய்த ஒன்றை அது விளங்கிக்கொண்டு திருப்பித் தருகிற சந்தோசம்.

கடைசி வளைவு. வாய்க்கால் பக்கத்தில் அவரை நான் எட்டிப் பிடித்துவிட்டேன். அப்போது பார்க்கிறேன், செல்லமுத்து வண்டியை நிறுத்துகிறார். இறங்கிக் கையை வீசிக்கொண்டு என்னை நோக்கி ஓடி வருகிறார். பெல்ட் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பாவப்பட்டேன் என்று சொன்னால் பொய். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனேன்.

தாண்டின பிறகுதான் வரம்பைப் பார்த்தேன். ஒரு சனம் இல்லை. ஒரு குடை மட்டும் விரித்தபடி கிடந்தது.

அவர் பின்னால் ஓடிவந்து ரெயிலரில் பாய்ந்து ஏறி என் தோளைப் பிடித்தார். "காது கேக்கலயா தங்கச்சி? மேல பாருங்க!" அண்ணாந்தேன். இரண்டு பொம்பர், வெயிலில் மினுங்கிக்கொண்டு வட்டமெடுத்தன. அடுத்த கணம் இரண்டு பேரும் வாய்க்காலுக்குள் சேற்றில் கிடந்தோம்.

வண்டியை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை. லான்ட்மாஸ்ரரில் எஞ்சின் வேகத்துக்கு ஒரு சின்னத் தடி கைப்பிடியில் இருக்கும். வைத்த இடத்தில் நிற்கும். ஆகவே அது தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. வெறும் வயல், மேலே பொம்பர், கீழே ஆளில்லாத என் வண்டி குங்கிலியப் புகையை விட்டுக்கொண்டு ஆடாமல் அசையாமல் போகிறது. பக்கத்தில் சேறு பூசின முகத்தோடு செல்லமுத்து தலையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார்.

"உங்க வண்டி போகுதுங்க."

"போகட்டும் அண்ணை. தலையைக் குனியுங்கோ."

"நேரா போகுதே!" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, பொம்பர்காரனுக்குக் கேட்டுவிடும் என்பது மாதிரி, "சில்ல வெளிய தள்ளி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

பொம்பர்கள் எங்கள் மேல் ஒன்றும் போடவில்லை. வடமேற்காகத் திரும்பிப் போயின. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் இரண்டு தரம் நிலம் அதிர்ந்தது. பூநகரிப் பக்கம் என்று யாரோ சொன்னார்கள். வாய்க்காலிலிருந்து எழும்பினவர்கள் எல்லோரும் அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அங்கே சொந்தக்காரர் உள்ளவர்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வண்டி முடிவுக் கயிற்றை அறுத்துக்கொண்டு போய் வைக்கோற் போரில் மூக்கை முட்டி நின்று, இன்னும் இரைந்துகொண்டிருந்தது. எஞ்சின் வெடிக்கவில்லை. அம்மாவுக்கு அதைத்தான் முதலில் சொன்னேன்.

யார் வென்றது என்று பிறகு பெரிய வாக்குவாதம். வண்டிதான் கயிறு தாண்ட வேண்டும், ஆள் தாண்ட வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை என்று குலத்தண்ணை வழக்காடினான். "அவர் நிண்டது எனக்காக" என்றேன் நான். தம்பிராசா மாஸ்ரர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, செல்லமுத்துவைப் பார்த்தார். அவர், "வண்டி போய்ச் சேர்ந்திருச்சுங்க, குடுத்துருங்க" என்றார். பெல்ட் என் கைக்கு வந்தது.

இரவெல்லாம் அது எனக்குச் சரியாகப் படவில்லை. காலையில் பெட்டியைக் கொண்டு வாய்க்கால் கடந்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் பெட்டியைத் திருப்பி அளவைப் பார்த்தார். "என் வண்டிக்கு இது பத்தாதுங்க தங்கச்சி. நீளம் கம்மி" என்று திரும்ப நீட்டினார்.

"அப்ப ஏன் அண்ணை ஓடினனீங்கள்?"

"செயிக்கத்தான்!" என்றார், இது என்ன கேள்வி என்பது மாதிரி. "அந்தச் சில்ல எப்படித் திருப்பிப் பூட்டுனீங்க? அதச் சொல்லுங்க போதும்."

அன்று மத்தியானம் வரை அவர் முற்றத்தில் குந்தியிருந்து சில்லு கழற்றினோம். அடுத்த சித்திரைக்கு உங்களை விடமாட்டேன் என்றார். பார்ப்போம் என்றேன். புதுப் பெல்ட்டில் சிறுபோகம் உழுதேன், எங்களுடையதும் கேட்டு வந்தவர்களுடையதும். நல்ல விளைச்சல்.

அடுத்த சித்திரைக்கு ஓட்டம் நடக்கவில்லை. அதற்கடுத்த வருசம் சண்டை கிளிநொச்சிக்கு வந்தது, ஊரே மூட்டை கட்டிக்கொண்டு எழும்பியது. செல்லமுத்து குடும்பத்தை ரெயிலரில் ஏற்றிக்கொண்டு பூவரசங்குளம் பக்கம் போவதாகச் சொன்னார். நாங்கள் மல்லாவிக்குப் போனோம். அங்கே குலத்தண்ணை எஞ்சினைக் கழற்றித் தண்ணீர் இறைக்க வைத்தான். ரெயிலர் ஐயாவுக்குக் கட்டிலானது, அதிலேயே அவர் கண்ணை மூடினார். சில்லுகள் விறகு வண்டிக்குப் போயின. பார்த்துப் பார்த்துப் பூட்டினதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று வேறு வேறு வேலைக்குப் போய்விட்டது. செல்லமுத்துவை விசாரிக்காத இடமில்லை. பூவரசங்குளத்தில் கொஞ்சநாள் இருந்தாராம், பிறகு தெரியாதாம்.

சில வருசத்துக்கு முன் ஊருக்குப் போனபோது அந்த வயலுக்குப் போனேன். அறுவடை நடந்துகொண்டிருந்தது. தேத்தண்ணிக் கேத்திலோடு நின்ற ஒரு பெண் யார் என்று கேட்டா. சொன்னேன். ரேஸ் ஓடினதையும் சொன்னேன். "இஞ்சயோ? லான்ட்மாஸ்ரரிலயோ?" என்று சிரித்துவிட்டு, எனக்கும் தேத்தண்ணி ஊற்றித் தந்தா. செல்லமுத்து என்ற பெயர் அவாவுக்குத் தெரியவில்லை.

"அந்த மூலையிலதான் அவரை நான் எட்டிப் பிடிச்சனான்" என்று கையை நீட்டினேன்.

அவா நான் காட்டின பக்கம் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. "எந்த மூலை அக்கா?"

அறுவடை மெசின் திரும்ப இடம் வேண்டுமென்று வரம்புகளை எல்லாம் வெட்டி, வாய்க்காலையும் தள்ளி நேராக்கி, ஒரே வயலாக்கியிருந்தார்கள். கண்ணுக்கு எட்டிய வரை நேர்கோடுதான். வளைவு ஒன்றுகூட இல்லை.