அறுபது தப்படியிலிருந்து விட்ட அம்பு

அம்பு பட்ட சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு தூரம். பன்றி ஒரு துள்ளுத் துள்ளி, உறுமிக்கொண்டு என் மரவள்ளிக்கிழங்குக் காட்டின் கீழ் வரப்பைத் தாண்டி, முள்வேலிக்குள் புகுந்து, பக்கத்து எஸ்டேட்டின் காப்பிச் செடிகளுக்குள் மறைந்தபோதுதான் பட்டுவிட்டது என்று தெரிந்தது. அப்போதுதான் விடிந்திருந்தது. பனி முழுதாக விலகவில்லை.

பக்கத்தில் நின்ற என் பெரியப்பா மகன் முதுகில் ஓங்கித் தட்டினான்.

"பட்டுருச்சுடா! கண்ணாடா அது? கழுகுக்குக்கூட அப்படித் தெரியாது!"

"எங்க பட்டுது?"

"எங்க பட்டா என்ன? பட்டுதுல்ல."

நான் பயந்த சுபாவம். பஸ் மலையிறங்கும்போது கடைசி வளைவு முடியும்வரை கண்ணைத் திறக்க மாட்டேன். எட்டாம் வகுப்பில் முழுப் பரீட்சைக்கு முதல் நாள் பயந்து படுத்தவன், பிறகு பள்ளிக்கூடம் பக்கமே போகவில்லை. அப்படிப்பட்ட என்னை, அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் ஊரே தோளில் தூக்கிக்கொண்டு ஆடியிருந்தது.

எங்கள் ஊரில் முன்பெல்லாம் பொங்கல் முடிந்ததும் ஆண்கள் வேட்டைக்குப் போவார்கள். தடை வந்த பிறகு வேட்டை நின்றது, வில் நிற்கவில்லை. பொது இடத்தில் ஒரு வாழைத்தண்டை நட்டு அதன்மேல் அம்பு விடுகிறோம். வேட்டைக்குப் போன காலத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்ததாம். விலங்கின் கண் தெரிகிற தூரத்துக்கு அப்பால் நின்று அம்பு விடக்கூடாது. வாழைத்தண்டுக்கு ஏது கண்? அதனால் அந்தக் கட்டுப்பாடு யாருக்கும் தேவைப்படவில்லை. வருசா வருசம் நின்று அம்பு விடும் கோட்டைப் பின்னால் தள்ளிப் போட்டோம். இந்தப் பொங்கலுக்கு அது காலால் எட்டி அளந்த அறுபது தப்படிக்குப் போயிருந்தது. அங்கிருந்து தண்டில் அடித்தவன் நான் ஒருவன்தான்.

அன்று காலையில் பன்றியைப் பார்த்ததும் அந்தத் தப்படிக் கணக்குத்தான் மனதில் ஓடியது. ஒரே வாரத்தில் மூன்றாம் முறையாகக் கிழங்கைக் கிளறிக்கொண்டிருந்தது. கிட்டே போக எனக்குத் தைரியம் இல்லை. பன்றியின் கோரைப்பல் தொடையைக் கிழித்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தூரத்தில் நின்றால் பயம் இல்லை, அடித்தால் பேரும் உண்டு. நாணை விட்டேன். விட்ட அந்த நொடியில் பன்றி ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தது. அதை என் கண்ணாலேயே பார்த்தேன். அம்பு அப்போது பாதி வழியில் இருந்தது. வாழைத்தண்டு அடி எடுத்து வைக்காது.

வேலியருகே போய்ப் பார்த்தோம். கம்பியில் கறுப்பு மயிர் ஒட்டியிருந்தது. புல்லில் ரத்தம், அதோடு பச்சையாக என்னவோ கலந்திருந்தது. வயிற்றில் பட்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"விட்றா, எங்காச்சும் போயிச் செத்துரும்," என்றான் அவன்.

"எப்பச் சாவும்?"

"அதுகிட்டயே போயிக் கேளு."

சிரித்துக்கொண்டே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் வில்லைக் கோணிக்குள் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி வேலைக்குக் கிளம்பி, தூக்குப்போசியில் சோற்றை அமுக்கிக்கொண்டிருந்தாள். அந்த எஸ்டேட்டில்தான் அவளுக்குக் காப்பிப் பழம் பறிக்கும் வேலை.

"பன்னி போயிருச்சுங்களா?"

"போயிருச்சு."

"கெழங்கு மிச்சம் ஏதாச்சும் இருக்குதா? இன்னைக்குப் பள்ளத்துப் பக்கமாத்தான் பறிக்கச் சொல்லியிருக்கறாங்க. நம்ம வேலியோரம். மத்தியானம் ஒரு எட்டு வந்து பாக்கறேன்."

அவள் போய்விட்டாள். நான் வாசலிலேயே நின்றேன். சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் மற்றப் பெண்களிடம் சொல்வாள், அது எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் காதுக்குப் போகும், ரைட்டர் வனத்துறைக்குப் போன் பண்ணுவார், கேஸ், ஜெயில், ஊருக்குள் தலைகாட்ட முடியாது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வயிற்றில் அம்போடு ஒரு பன்றி ஏதோ செடியடியில் படுத்திருக்கிறது. குனிந்து பழம் பறிக்கிறவளுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. அடிபடாத பன்றி ஆள் சத்தம் கேட்டால் ஓடும். அடிபட்டது ஓடாது.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். பெண்கள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு எஸ்டேட்டின் தகரச் செட்டு முன்னால் நின்றார்கள். பாதிப் பேர் ஏற்கெனவே பள்ளத்துப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் என் மனைவியின் பச்சைத் துண்டு தெரிந்தது.

"ஏனுங்க, பள்ளத்துல பன்னி ஒண்ணு கெடக்குதுங்க," என்றேன் ரைட்டரிடம். மூச்சு வாங்கியது.

"பன்னி கெடக்காம யானையா கெடக்கும்? பத்துப் பொம்பளைங்க பேசற பேச்சுக்கு அது மலையெறங்கிக் குப்பனூர் போயித்தான் நிக்கும்." பெண்கள் சிரித்தார்கள்.

"அடிபட்டுருக்குதுங்க."

"யாரு அடிச்சது?"

"தெரியலீங்க."

"நீ பாத்தியா?"

"இல்லீங்க... ஆமாங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏப்பா, விடியறதுக்குள்ளயே ஊத்திக்கிட்டியா? போயி ஊட்ல படு." நோட்டைத் திறந்து அடுத்த பெண்ணின் பேரைக் கூப்பிட்டார்.

பச்சைத் துண்டு வளைவில் மறைந்தது.

"நாந்தானுங்க," என்றேன். சத்தம் வரவில்லை என்று நினைத்து மறுபடியும் கத்தினேன். "நாந்தானுங்க அம்பு விட்டேன். வயித்துல பட்டுருக்குது. அம்பு இன்னும் உள்ளதான் இருக்குது. எல்லாத்தையும் மேல வரச் சொல்லுங்க!"

ரைட்டர் பேனாவை மூடினார். அதுதான் எனக்கு நினைவிருக்கிறது, முதலில் பேனாவை மூடினார். பிறகு விசிலை எடுத்து ஊதிக்கொண்டே பாதைக்கு ஓடினார். நானும் ஓடினேன். பெண்கள் ஒவ்வொருவராக மேலே ஏறி வந்தார்கள். நான் எண்ணிக்கொண்டே நின்றேன். என் மனைவி கடைசியில் வந்தாள். அதற்குள் விசயம் அவள் காதுக்கு எட்டியிருந்தது.

"ஊட்ல கேட்டனில்லீங்க?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். பக்கத்தில் நின்ற அவள் சித்திதான் விடவில்லை. "மாப்பளை பன்னியையும் வாழத்தண்டுன்னு நெனச்சுட்டாராட்ட இருக்குது. நாங்க நடுவுல நின்னிருந்தா எங்களையும் தண்டுன்னு நெனச்சிருப்பாரு." யாரும் சிரிக்கவில்லை.

ரைட்டர் போன் பண்ணியதும் வனக்காவலர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் நடு வயதுக்காரர்தான் பேசினார். "எந்தப் பக்கமாப் போச்சு, காட்டு," என்றார். வேட்டைக்காலத்தில், அடிபட்டதைத் தேடிப் போகும்போது அம்பு விட்டவன்தான் முன்னால் நடக்க வேண்டுமாம். இப்போது யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. ஆனாலும் நான்தான் முன்னால் நடந்தேன். பின்னால் இருவரும் கையில் தடியோடு வந்தார்கள். செடிகள் இடுப்பளவு. ஒவ்வொரு செடிக்கும் நின்று, குனிந்து, அடியைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தேன். சருகு சரசரத்தால் நின்றுவிடுவேன். ஒருமுறை கீரிப்பிள்ளை ஒன்று ஓடியதற்கு நான் பின்னால் வந்தவர் காலை மிதித்துவிட்டேன்.

ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் கிடந்தது. செத்திருந்தது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது என்றார் காவலர். அதைவிட எனக்குச் சுற்றியிருந்த மண்தான் கண்ணில் பட்டது. ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்கு வட்டமாகக் கிளறிப் போட்டிருந்தது. இரண்டு காப்பிச் செடிகள் வேரோடு சாய்ந்திருந்தன. மரப்பட்டையில் பல் பட்ட காயம். அம்பைப் பிடுங்குவதற்காக அது தன்னைத்தானே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. அம்பின் வால் ஒடிந்து தனியாகக் கிடந்தது. நான் குறிபார்த்த இடத்துக்கு இரண்டு சாண் பின்னால் பட்டிருந்தது. சரியாக ஒரு அடி எடுத்து வைத்த தூரம். நான் விட்டது விடியும்போது. இப்போது வெயில் நன்றாக ஏறியிருந்தது. அவ்வளவு நேரமும் அது இங்கே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அப்போது வாசலில் நின்று ஜெயிலை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன்.

செட்டில் உட்கார வைத்து வாக்குமூலம் எழுதினார்கள். அதற்குள் சேதி தெரிந்து பெரியப்பா மகனும் வந்து, கூட்டத்தின் பின்னால் நின்றான். காவலர் காகிதம் எடுக்க ஜீப்புக்குப் போன சமயம் பார்த்து ரைட்டர் என் பக்கம் குனிந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர்.

"இங்க பாரு சாமி, பன்னி உம்மேல பாஞ்சுதுன்னு சொல்லிரு. உசுருக்குப் பயந்து விட்டன்னு சொல்லு. கேஸு லேசாப் போயிரும். யாரு பாத்தா?"

சரியென்று தலையை ஆட்டினேன். அப்படியே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அது முழுப் பொய்கூட இல்லை, பயம் நிஜம்தானே. காவலர் வந்து உட்கார்ந்து, பேர் கேட்டார், அப்பா பேர் கேட்டார், எழுதினார்.

"எவ்வளவு தூரத்துல வச்சு விட்ட?"

ரைட்டர் தொண்டையைச் செருமினார். பத்துத் தப்படி என்றால் போதும். பத்துத் தப்படியில் பன்றி பாய்ந்துவிடும், எவரும் நம்புவார்கள். ஆனால் பத்து என்று சொன்னால், நான் தூரத்தில் நின்று விட்டதால்தான் அது அந்த வட்டத்து மண்ணில் சுற்றிச் சுற்றிச் செத்தது என்பதை யாரிடமும் சொல்ல முடியாது.

"அறுபது தப்படிங்க."

காவலர் நிமிர்ந்தார். "அறுபதா? அவ்வளவு தூரத்துல இருந்தா? எதுக்குய்யா?"

கூட்டத்தில் பெரியப்பா மகன் நிமிர்ந்து நின்றான். அவனுக்கு இன்னும் அது பெருமைதான். அவனைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"கிட்டப் போகப் பயமா இருந்துச்சுங்க. நொம்பப் பயம். அதனாலதான்."

அவன் முகம் விழுந்துவிட்டது. காவலர் அதையும் எழுதினார். என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுத்து கோணலாக வந்தது, இரண்டாம் முறையும் கோணல்தான். மனைவி வந்து காகிதம் பறக்காமல் ஒரு ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.