தண்டவாளத்தின் மேல் மதியச் சாப்பாடு

காஸ்பர் எபெர்லேயின் கடை மதியம் பன்னிரண்டு முதல் ஒன்று வரை மூடியிருக்கும். ஆல்டர் க்ரீக்கில் பிறக்கும் குழந்தைகள் தங்கள் பெயரைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே இதைத் தெரிந்துகொண்டுவிடும். ஒருமுறை பாதிரியார் வீட்டுப் புகைக்கூண்டு பன்னிரண்டரைக்குத் தீப்பிடித்துக்கொண்டது. வாளி வாங்க மூச்சிரைக்க ஓடிவந்தவரிடம் எபெர்லே தன் வீட்டு வாளியைச் சன்னல் வழியே நீட்டி, "இது இரவல். விக்கிற வாளி ஒரு மணிக்கு" என்றார். புகைக்கூண்டு பிழைத்தது. பாதிரியார் வாளியைத் திருப்பிக் கொடுத்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. அதையும் எபெர்லே சன்னல் வழியாகத்தான் வாங்கிக்கொண்டார்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியின் வூர்ட்டெம்பெர்க் மலைச்சரிவில் ஏழு பிள்ளைகளில் ஆறாவதாகப் பிறந்து, பத்தொன்பது வயதில் கப்பலேறி ஐயோவாவில் வந்து இறங்கிய எபெர்லேயின் முதுகில் ஒரு மூட்டை மட்டும் இருந்தது. அதில் ஊசி, நூல், நாடா, பொத்தான். நான்கு வருடம் பண்ணை பண்ணையாக நடந்து விற்றார். பள்ளத்தில், மழையில், மாட்டு வண்டி நிழலில், நாய் துரத்தும்போது என்று கிடைத்த இடத்தில் கிடைத்த நேரத்தில் ரொட்டியைக் கடித்தார். அப்போது செய்துகொண்ட சபதம்தான் இது: தலைக்கு மேல் கூரை வந்த நாளிலிருந்து, பன்னிரண்டடித்தால் நாற்காலியில் உட்கார்ந்து, தட்டில், சூடாக, முழுதாக ஒரு மணி நேரம் சாப்பிட வேண்டும். கூரை வந்தது. நாற்காலி வந்தது. சூடாக வைப்பதற்கு வால்புர்கா வந்தாள். ஊர் ஓடையின் கரையில் இரண்டு மாடிப் பலகைக் கட்டடம், கீழே கடை, பின்பக்கம் சமையலறை, மேலே படுக்கை. இருபத்திரண்டு வருடம் ஓடையோரம் ஒரு நாள்கூட இந்த ஒழுங்கு தவறவில்லை.

பிறகு 1871இல் ரயில் வந்தது. வந்ததுதான் வந்தது, ஓடைப்பக்கம் வரவில்லை. ஊருக்குக் கிழக்கே ஒரு மைல் தள்ளி, யாருடைய சோளக்காட்டிலோ தண்டவாளம் போட்டு, அதற்கும் அந்தப் பக்கம் நிலையத்தைக் கட்டினார்கள். ஒரே மாதத்தில் கொல்லன் போனான், சேணம் தைப்பவன் போனான், பீர்க்கடையும் போனது. பீர்க்கடை போன பிறகு ஓடையோரம் இருப்பதில் என்ன பொருள் இருக்க முடியும்?

நிலையத்துக்கு எதிரே கடைக்கென்று ரயில்வே கம்பெனி ஒதுக்கியது ஒரே ஒரு மனைதான். முதலில் மனுப் போட்டவர் எபெர்லே. இரண்டாவது ஹைரம் டில்சன். டில்சன் கிழக்கு மாநிலத்துக்காரர். எட்டு மாதத்துக்கு முன் வந்தவர். மதியச் சாப்பாட்டை நின்றபடி, பேசியபடி, ஆறு நிமிடத்தில் முடிப்பவர். கம்பெனியின் கடிதம் தெளிவாக இருந்தது: முதல் ரயில் நிலையத்தை வந்தடைவதற்கு முன், கூரையும் கதவும் சரக்கும் உள்ள கடை அந்த மனையில் நிற்க வேண்டும். நின்றால் மனை எபெர்லேக்கு. இல்லாவிட்டால் டில்சனுக்கு.

கடிதம் வந்த மறுநாளே டில்சன் மரவாடிக்குப் போய் இருந்த பலகை அத்தனையும் வாங்கிவிட்டார். தனக்கு வேண்டும் என்பதற்காக அல்ல. எபெர்லேக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்காக.

"புதுசாக் கட்டப் பலகை இல்லே, காஸ்பர். இனி என்ன பண்ணுவே?" என்று கேட்டாள் வால்புர்கா.

"கட்டின கடை ஒண்ணு இருக்கே" என்றார் எபெர்லே.

ஹோல்ஸ்டைன்காரத் தச்சன் யோஸ்ட் பிண்டர் பதினாறு காளைகளோடு வந்தான். கடையை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் உருளைக் கட்டைகளைக் கொடுத்தார்கள். ஒரு மைல் தூரத்துக்கு ஆறு நாள் கணக்கு. ஆறாம் நாள் மதியம் பன்னிரண்டரைக்கு முதல் ரயில். கடை நகர்ந்தது, நகரும்போதும் திறந்தே இருந்தது. காலை ஆறுக்குத் திறக்கும் கடை, நகர்கிறது என்பதற்காக மூடுமா? வாசலில் ஏணியைச் சாய்த்து வைத்தார்கள். சீட்டித் துணி பார்க்க ஓடையோரம் ஏறிய விதவை காம்ப் அம்மாள், எந்தப் பூ நன்றாயிருக்கிறது என்று முடிவு செய்வதற்குள் தேவாலய வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தாள். அவள் வீடு தேவாலயத்துக்கு அடுத்தது என்பதால் சௌகரியமாகவே போயிற்று.

சாலையோரம் நின்று டில்சன் தினமும் வேடிக்கை பார்த்தார்.

"எபெர்லே! நத்தைகூட உன்னை முந்திக்கிட்டுப் போகுதுய்யா!"

"நத்தையும் வீட்டோடதானே போகுது" என்றார் எபெர்லே மேலிருந்து. "உன்னை மாதிரி வெறும் வாயோட போகலையே."

நான்காம் நாள் மழை பெய்தது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கடை ஒரு முழ ஆழம் புதைந்து, ஒரு நாளை விழுங்கியது. ஆகவே ஆறாம் நாள் பன்னிரண்டு மணிக்கு மனையில் இருந்திருக்க வேண்டிய கடை, பன்னிரண்டு மணிக்கு எங்கே இருந்தது என்றால், தண்டவாளத்தின் மேல் இருந்தது. முன்பாதி அந்தப் பக்கம், சமையலறை இந்தப் பக்கம்.

யோஸ்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தான். "ஹெர் எபெர்லே, லைனைத் தாண்டக் கால் மணி போதும். ஆனா அங்கேருந்து மனைக்கு முந்நூறு அடி. இந்தச் சேத்துல அது முக்கா மணி இழுக்கும். மனை போச்சு. கடையையாவது காப்பாத்திக்குவோம், ஒரு இழுப்பு இழுத்துத் தாண்டிடலாம்."

எபெர்லே நிலையத்தைப் பார்த்தார். அங்கே டில்சன் கூலிக்கு அமர்த்திய வாத்தியக்காரர்கள் வெயிலில் பளபளத்தார்கள். மனையைப் பார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில் காலியாகக் கிடந்தது. உள்ளே சுவர்க் கடிகாரம் அடிக்கத் தொடங்கியது.

"மணி என்ன, யோஸ்ட்?"

"பன்னண்டு அடிக்குது."

"அப்போ மாட்டை அவுத்து விடு."

"எங்கே?"

"இங்கேதான். அதுக்கும் பசிக்குமில்லே."

வால்புர்கா கரண்டியோடு வெளியே வந்தாள். "காஸ்பர், உனக்குப் புத்தி பிசகிடுச்சா? வீடு, கடை, அடுப்பு, அத்தனையும் தண்டவாளத்து மேல நிக்குது!"

"அடுப்பு மேல என்ன நிக்குது?"

"பருப்பு."

"ஆறிடப் போகுது."

 வால்புர்கா கரண்டியை அவர் கையில் திணித்தாள். ரயிலை நிறுத்தச் சிவப்புத் துணி வேண்டும். அலமாரியில் சிவப்பு ஃப்ளானல் கட்டுக் கட்டாக இருந்தது. ஆனால் பன்னிரண்டு முதல் ஒன்று வரை கடைச் சரக்கைத் தொடக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். எனவே திரைக்குப் பின்னால் போய்த் தன் சொந்தச் சிவப்பு உள்பாவாடையைக் கழற்றி ஒரு கம்பில் கட்டிக்கொண்டு, தண்டவாளத்தோடு ரயில் வரும் திசையில் நடந்தாள். "என் பாவாடை முட்டிக்கும் மேல கிழிஞ்சா, புதுசு நீதான் தரணும்!" என்று திரும்பிப் பார்த்துக் கத்தினாள்.

"ஒரு மணிக்கு மேல" என்றார் எபெர்லே.

'மூடியிருக்கிறது' என்ற பலகையைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்தி, நாற்காலியில் உட்கார்ந்தார். புளிப்புக்குக் காடி விட்ட பருப்பு, வெட்டிப் போட்ட மாவுத்துண்டு, புகைபோட்ட பன்றி இறைச்சி. யோஸ்டும் அவன் ஆட்களும் எதிரே உட்கார்ந்தார்கள். பன்னிரண்டரைக்குத் தரை நடுங்கியது. பீங்கான் தட்டுகள் ஒன்றையொன்று தட்டிக்கொண்டன. விசில் நீளமாகக் கூவியது. எபெர்லேயின் கரண்டி ஒரு தடவை தட்டின் விளிம்பில் இடறியது. அதை நேராக்கிக்கொண்டு அடுத்த வாய் எடுத்துவைத்தார்.

இரும்பு அலறியது. சமையலறைச் சன்னலிலிருந்து நாற்பதடி தள்ளி எஞ்சின் நின்றது. ஓட்டுநர் மெக்கார்வி இறங்கி வந்து இடுப்பில் கைவைத்தான். "பசு குறுக்கே வரும், காட்டெருமை குறுக்கே வரும். மளிகைக்கடை குறுக்கே வந்து இப்போதான் பார்க்கறேன்."

கம்பெனி அதிகாரி லாரிமர் உயரத் தொப்பியோடு இறங்கி, முதல் அடியிலேயே கணுக்கால் வரை சேற்றில் போனார். கதவை இடித்தார்.

"யாரது?" என்றார் எபெர்லே உள்ளிருந்து.

"ரயில்வே கம்பெனி!"

"பலகையைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்!"

"படிச்சுட்டும் ஏங்க தட்டறீங்க?"

டில்சன் நிலையத்திலிருந்து ஓடிவந்தார். "எபெர்லே! ஏய்! வழியை விடுய்யா! இது அராஜகம்!"

"இது சாப்பாடு" என்றது உள்ளிருந்து வந்த குரல்.

நாற்பது பயணிகள் இறங்கி வாசலில் நின்றார்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர்கள். பன்றி இறைச்சி வாசனை சன்னல் இடுக்கு வழியாக ஒவ்வொருவரையாகத் தொட்டு விசாரித்தது. ஒரு பெரியவர் சன்னலில் நாணயத்தை ஆட்டிக் காட்டினார். எபெர்லே அவரைப் பார்த்துத் தலையசைத்தார், சுவர்க் கடிகாரத்தைச் சுட்டினார், ரொட்டியைப் பிட்டுத் தட்டைத் துடைத்தார். பெரியவர் பெருமூச்சு விட்டு வரிசையில் முதலாவதாக நின்றுகொண்டார். மற்றவர்கள் அவர் பின்னால் நின்றார்கள். வரிசை உருவாகிவிட்டால் ஜனங்களுக்குக் கோபம் குறைந்துவிடுகிறது.

ஒன்று அடித்தது. எபெர்லே வாயைத் துடைத்து, பலகையைத் திருப்பி, கதவைத் திறந்தார்.

"வாங்க, வாங்க. என்ன வேணும்?"

வெளியே காளைகளுக்கு நுகத்தடி ஏறியது. கடை நகர்ந்தது, உள்ளே வியாபாரமும் நடந்தது. ஒருத்தி பாலாடைக்கட்டி வாங்கும்போது தண்டவாளம் போயிற்று. ஒருத்தர் பூட்ஸ் போட்டுப் பார்க்கும்போது பாதிச் சேறு போயிற்று. லாரிமர் ஈரக் காலோடு ஒரு பீப்பாயில் உட்கார்ந்து கம்பளிக் காலுறை கேட்டார். ஒரு மணி நேரத்தில் கடை மனையின் மேல் ஏறி, ஒரு முனகலோடு உட்கார்ந்தது. அதற்கப்புறம்தான் மெக்கார்வி வண்டியை மெல்ல நகர்த்தி நிலையத்துக்குக் கொண்டுவந்தான். வாத்தியக்காரர்கள் ஊத ஆரம்பித்தார்கள்.

"ரயில் பன்னண்டரைக்கே வந்தாச்சு!" என்று டில்சன் கத்தினார். "அப்போ மனையில புல்லுதான் இருந்துச்சு! மனை எனக்கு!"

லாரிமர் பையிலிருந்து கடிதத்தின் நகலை எடுத்து, இரண்டு தடவை படித்தார். "நிலையத்தை வந்தடைவதற்கு முன்" என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"ரயில் வந்துச்சு, டில்சன். நிலையத்துக்கு வரலை."

"ஏன் வரலை? இந்த ஆள் குறுக்கே உக்காந்து தின்னுக்கிட்டிருந்தான்!"

"குறுக்கே உக்காந்து தின்னக் கூடாதுன்னு இதுல எழுதலையே" என்றார் லாரிமர், கால்விரல்களை அசைத்தபடி. புதிய காலுறை கதகதப்பாக இருந்தது. தீர்ப்பில் அதற்கும் பங்குண்டு என்று டில்சன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் வாங்கிக் குவித்த பலகையையெல்லாம் எபெர்லேக்குத்தான் விற்றார். கடைக்குப் பின்னால் கிடங்கு கட்ட.

கடை அந்த மனையில் முப்பத்தோரு வருடம் நின்றது. அடுத்த வருட அட்டவணையில் பன்னிரண்டரை ரயிலைக் கம்பெனி ஒன்று பத்துக்கு மாற்றியது. காரணம் அச்சிடப்படவில்லை.

முதல் ரயில் வந்த அன்று சாயங்காலம், கம்பில் கட்டிய பாவாடையை மடித்தபடி வால்புர்கா கேட்டாள்: "காஸ்பர், உண்மையைச் சொல்லு. நாம லைன்ல நின்னா ரயில் நமக்கு முன்னாடி போக முடியாதுன்னு தெரிஞ்சுதானே மாட்டை அவுக்கச் சொன்னே?"

எபெர்லே சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசிச் சுற்று வரை சுற்றினார்.

"பருப்புல கொஞ்சம் காடி கம்மியா இருந்துச்சு" என்றார்.