பெருமாள் மலை தெரிகிறதா?

நாற்சந்தியில் லாரிகளை நிறுத்தி அனுப்பப் போலீஸ்காரர் நிற்பது போல ஆகாயத்தில் விமானங்களை நிறுத்தி அனுப்பவும் ஆள் உண்டு. அவர் கையில் விசிலுக்குப் பதிலாக டெலிபோன் இருக்கும், இடுப்பில் சில சமயம் குழந்தையும் இருக்கும்.

கைக்குழந்தையோடு உத்தியோகமும் பார்க்கிற சகோதரிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். உங்களுக்கு அப்படி இராது. எழுதுவது ராத்திரியில், என் மகள் வள்ளி தூங்கிய பிறகு. பேனா கீறுகிற சத்தம் கேட்டால்கூட முழித்துக்கொள்வாள்.

நான் பழனிக்காரி. படித்தது கொடைக்கானல் கான்வென்டில். கர்த்தருக்குப் பயப்பட வேண்டும் என்று ஸிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். நான் கர்த்தரோடு நிறுத்தாமல் பல்லி, இடி, டெலிபோன் மணி எல்லாவற்றுக்கும் பயப்படக் கற்றுக்கொண்டேன். அப்படிப்பட்டவளைத்தான், இங்கிலீஷ் தடுமாறாமல் பேசுகிறாள் என்று, விமான இலாகாவில் வேலை கொடுத்து, கொடைக்கானல் மலை விளிம்பில் ஓர் ஒற்றை அறையில் உட்கார்த்தி வைத்தார்கள். முதலில் தற்காலிகம், ஒழுங்காக இருந்தால் நிரந்தரம். அறைக்குள் வேலைக்காரரைத் தவிர வேறு யாரும் கூடாது, குழந்தை கூடவே கூடாது என்பது விதி. என் கணவர் அணைக்கட்டு வேலையில் ஓவர்சீயர். ஞாயிற்றுக்கிழமைதான் மலையேறி வருவார். "பிள்ளையைப் பழனிக்கு அனுப்பிவிடு" என்று அம்மா ஓயாமல் சொன்னாள். பால்குடி மறக்காத பிள்ளையை எப்படி அனுப்புவது? புடவைத் தொட்டிலை அந்த அறையிலேயே கட்டினேன். கண்டுபிடித்தால் வேலை போகும், இல்லை வள்ளி பழனிக்குப் போவாள். அந்தப் பயத்தோடுதான் கீழே உள்ளதெல்லாம் நடந்தது.

ஆகாயத்தில் எத்தனை பேருக்கு இடம்?

சமவெளி விமான நிலையத்தில் வெங்கடாசலம் சார் என்று ஒருவர். அவர் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். முதல் நாள் அவர்தான் டெலிபோனில் வேலையைச் சொல்லிக்கொடுத்தார். வாசலில் நின்று பார்க்க வேண்டும். கிழக்கே பெருமாள் மலை, வடக்கே பழனிக் கோயில், தெற்கே வைகை அணைத் தண்ணீர். இந்த மூன்றில் எது எது தெரிகிறது என்று அரை மணிக்கொரு தடவை சொல்ல வேண்டும். மூன்றும் தெரிந்தால் மலைக்கு மேலே இரண்டு மூன்று விமானங்களைச் சேர்ந்தாற்போல விடுவார்கள். ஒன்றையொன்று கண்ணால் பார்த்து விலகிக்கொள்ளும். மேகம் மூடிவிட்டால் ஒன்று மலையைத் தாண்டிய பிறகுதான் அடுத்தது. அதுவரை மற்றது கீழே தரையில் காத்திருக்கும், அல்லது எங்கேயாவது வட்டமடித்துக்கொண்டிருக்கும்.

எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது. "ஆகாயம் இம்புட்டுப் பெரிசாக் கெடக்கே சார், ரெண்டு விமானத்துக்கா இடம் பத்தலை?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது. பிறகு பதில் வந்தது: "ஆகாயம் பெரிசுதாம்மா. உங்க மலையும் பெரிசு."

பூனை

சேர்ந்த இரண்டாவது வாரமே வள்ளி என்னை மாட்டிவைத்தாள். நான் கால் கட்டை விரலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு, வாயால் "பழனிக் கோயில் தெரிகிறது, அணை தெரியவில்லை" என்று இங்கிலீஷில் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். பாதியில் அவள் வீறிட்டாள். டெலிபோனைப் பொத்தக் கூடத் தோன்றவில்லை எனக்கு.

"என்னம்மா சத்தம் அது?" என்றார் வெங்கடாசலம் சார்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் சொல்கிற பொய் எப்படி இருக்கும்? "பூனை சார்" என்றேன்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். பிறகு அவர் ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்: "உங்க பூனைக்குப் பசிக்குதும்மா. போய்க் கவனிச்சுட்டு வாங்க, விமானம் இன்னும் திண்டுக்கல்லே தாண்டலை."

முகூர்த்தத்துக்கு ஒன்று

நான் விமானங்களுக்கு வழி சொல்கிறேன் என்பது ஊருக்குத் தெரிந்ததும் என் பெயரே போய்விட்டது. கடைவீதியில் காதர் பாய் கடைக்குள் நுழைந்தால், "ஏரோப்பிளேன் அம்மாவுக்கு வழிவிடுங்கப்பா" என்பார். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிற என் சித்தப்பா ஒருபடி மேலே போனார். மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர், பந்தலுக்கு மேலே முகூர்த்த நேரத்தில் ஒரு விமானத்தை விடச் சொன்னார். சம்பந்தி வீட்டார் ஆயக்குடியில் கொய்யாத் தோப்புக்காரர்கள். அவர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டுமாம். என் கையில் எதுவுமே இல்லை, எது தெரிகிறது என்று சொல்வதோடு என் சோலி முடிந்தது என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். "பெரிய உத்தியோகத்துக்குப் போனதும் சொந்தம் மறந்துபோச்சு" என்று சித்தப்பா காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

கல்யாணத்தன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. காலையிலேயே மலையை மேகம் மூடிவிட்டது. நானும் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னேன். முன்னால் போன விமானம் மலையைத் தாண்டுகிற வரைக்கும், பின்னால் வந்ததை வெயிலடித்துக்கொண்டிருந்த பழனிப் பக்கம் வட்டமடிக்கச் சொல்லிவிட்டார்கள். அது எனக்கு அப்போது தெரியாது. சாயங்காலம் சித்தப்பா ஆளைக்கூட அனுப்பவில்லை. பட்டு வேட்டியும் சந்தனமுமாகத் தானே பஸ் ஏறி வந்துவிட்டார். வாசலில் நின்று கண் கலங்கச் சொன்னார்: "ஒரு தடவைதானே தாயி கேட்டேன்! மாப்பிள்ளையும் பொண்ணும் அக்கினியைச் சுத்துறப்போ, மேல அதுவும் மூணு சுத்துச் சுத்துச்சே!"

செல்லாயியின் கோரிக்கை

எல்லோருக்கும் விமானம் வர வேண்டும் என்றால், பேத்துப்பாறைச் செல்லாயிக்கு வரக் கூடாது. செல்லாயிதான் எங்களுக்குப் பால் ஊற்றுகிறவள். வெள்ளனே ஒரு விமானம் அவள் தொழுவத்துக்கு மேலே போகும். அந்தச் சத்தத்தில் மாடு கறக்க விடாமல் பாலை எக்கிவிடும். அதனால் எனக்கு வருகிற பாலிலும் தண்ணீரின் பங்கு கூடிவிட்டது என்பது அவள் விளக்கம்.

அது தபால் கொண்டுபோகிற விமானம், நேரம் மாற்ற முடியாது என்றேன். செம்பைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்: "பிளேன்காரருக்குச் சோலி இருக்கும், நான் இல்லேங்கலம்மா. என் மாட்டுக்கும் சோலி இருக்குல்ல?"

வெயிலில் மூடுபனி

இனி வருவதை எழுதக் கை கூசுகிறது. ஐப்பசி மழை விட்ட மறுநாள். வள்ளியின் அழுக்குத் துணிகள் துவைக்க முடியாமல் மலைபோல் குவிந்து கிடந்தன. அறையில் கரியடுப்பை மூட்டி, பெரிய பாத்திரத்தில் துணிகளை வேகப் போட்டேன். வள்ளி மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. எழுந்தால் குழந்தை அழும், அழுதால் அந்தப் பக்கம் வேறு யாராவது இருந்து கேட்டுவிட்டால்? வாசலுக்குப் போகாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஜன்னலைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. "ஒன்றுமே தெரியவில்லை" என்றேன். அடுத்த தடவையும் அதையேதான் சொன்னேன்.

கீழே விமானங்களை ஒவ்வொன்றாக நிறுத்திவைத்தார்கள். பயணிகள் இறங்கி மரத்தடியில் நின்று திட்டினார்களாம். நானோ, மலையையே விழுங்கிவிட்ட பனியில் யாருக்கும் ஒன்றும் ஆகாமல் காப்பாற்றிவிட்டோம் என்று முருகனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் வெங்கடாசலம் சார் கூப்பிட்டார். அவர் குரல் அன்று கொஞ்சம் உடைந்திருந்தது. கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

"அம்மா, இப்ப மலைமேல போய்க்கிட்டு இருக்கிற பைலட், உங்க ஏரியில எத்தனை படகு மிதக்குதுன்னு எண்ணிச் சொல்றார். நீங்க என்ன பனியைப் பார்த்தீங்க?"

பெரிய அதிகாரி

மதராஸிலிருந்து விசாரிக்க ஆள் வருகிறார் என்றார்கள். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது என்று நான் சொல்லலாம்தான். அறைக்குள் ஆவி எப்படி வந்தது, எதை வேகவைத்தாய் என்று கேட்டால்? செல்லாயியின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அதிகாரி போகிற வரைக்கும் வள்ளியைக் கீழே பேரிக்காய்த் தோட்டத்துக் கொட்டகையில் வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டாள். தொட்டிலை அவிழ்த்தேன். பாலாடையை மறைத்தேன்.

அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கியதும் மேகமும் கூடவே இறங்கியது, இந்தத் தடவை நிஜமாகவே. அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், உத்தரத்தில் தொட்டில் கட்டிய தடத்தையும் பார்த்தார். அதற்குள் மணி அடித்தது. திண்டுக்கல்லைத் தாண்டி ஒரு விமானம், அதன் பின்னாலேயே இன்னொன்று. இரண்டையும் சேர்த்து விடலாமா, பின்னதை நிறுத்த வேண்டுமா என்று கேட்டார் வெங்கடாசலம் சார். டெலிபோனைத் தூக்கிக்கொண்டு, வயர் எட்டுகிற மட்டும் வாசலுக்கு வந்து நின்றேன். அதிகாரியும் பக்கத்தில் வந்து நின்று கிழக்கே கை நீட்டினார்.

"அதோ கறுப்பா உச்சி தெரியுதே, அதுதானே பெருமாள் மலை? தெரியுதுன்னு சொல்லுங்க. அன்னிக்கு மாதிரி சும்மா நிறுத்திவைக்காதீங்க."

பார்த்தேன். கறுப்பாக ஓர் உச்சி தெரியத்தான் செய்தது. மூடுபனியில் பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒன்றுபோலத்தான் தெரியும், பத்தடியில் நிற்கிற ஆடு குன்று மாதிரி இருக்கும். ஆனால் இந்த மலை லேசாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. அதிகாரி காதில் விழாத ஒரு சிணுங்கல் என் காதில் விழுந்தது. மார்பில் பால் சுரந்தது.

சும்மா "தெரிகிறது" என்று சொல்லிவிட்டால் அதிகாரிக்குத் திருப்தி. அவரை உள்ளே அழைத்துப் போய்விடலாம். வள்ளி என்னோடு இருப்பாள். ஆனால் அந்தப் பக்கம் இரண்டு விமானங்கள், ஒன்றுக்கொன்று தெரியாமல், என் ஒரு வார்த்தையை நம்பி வந்துகொண்டிருந்தன. அவற்றிலும் யாராவது ஒருத்தி மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"ஒண்ணுமே தெரியலை சார். ஒண்ணு தாண்டின பிறகு அடுத்ததை விடுங்க" என்றேன்.

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "என் கண்ணுக்குத் தெரியறது உங்க கண்ணுக்கு மட்டும் தெரியலையா?"

"அது பெருமாள் மலை இல்லைங்க சார்" என்றேன். டெலிபோனைக் கீழே வைத்தேன். "அது என் பொண்ணு."

மலை கிட்டே வந்தது. தலையோடு சேர்த்துக் கறுப்புக் கம்பளி போர்த்திய செல்லாயி. தோளில் உச்சியாக வள்ளி. "கோவிச்சுக்காதீங்கம்மா, கத்திக் கத்திப் பிள்ளைக்குத் தொண்டை கட்டிருச்சு. வெரசாப் பாலைக் குடுங்க. அந்த ஆபீசரு தொலைஞ்சாரா?" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், ஆபீசர் மேலேயே முட்டிக்கொண்டு நின்றாள்.

மேலே எங்கேயோ ஒரு விமானம் முனகிக்கொண்டு மேற்கே போனது. அதிகாரி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். அது தேய்ந்து மறைந்து வெகுநேரத்துக்குப் பிறகு இன்னொன்று வந்தது, அதுவும் பத்திரமாகப் போனது. அப்புறம்தான் அவர் வள்ளியைத் திரும்பிப் பார்த்தார். அவளும் அழுகையை நிறுத்தி அவரைப் பார்த்தாள்.

தொப்பியை மாட்டிக்கொண்டே சொன்னார்: "குழந்தையைப் பார்த்திருந்தா நான் எழுதியாகணும். நான் பார்த்தது மலைதாம்மா. அதை இப்படிக் குளிர்ல வெளியே நிறுத்தாதீங்க, உள்ளே தூக்கிட்டுப் போங்க."

வேலை நிரந்தரமாகிவிட்டது, தொட்டிலும்தான்; இத்தனை பட்ட பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஆகாயத்தில் போகிற யாரையும் கொஞ்சம் பொறு என்று நிறுத்திவிடலாம், தொட்டிலில் கிடக்கிறவளை மட்டும் நிறுத்த முடியாது என்பதுதான்.