மார்க் போடாத டெஸ்ட்

ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தால் எனக்கு மிஞ்சுவது தலைவலிதான். ஒரே ஒரு முறை மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னார்கள். நேற்று நடத்திய பாடத்திலிருந்து தினமும் ஒரு கேள்வி. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொந்த வார்த்தையில் பதில். மார்க் கிடையாது. இப்படி நினைவிலிருந்து எடுத்து எழுத எழுதத்தான் பாடம் தங்குமாம். யாருக்கு எங்கே புரியவில்லை என்பதும் நமக்குத் தெரியுமாம். அப்போது ஆவடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற அதிக நாள் இல்லை. சரி, இதையும் பார்த்துவிடுவோம் என்று ஆரம்பித்தேன்.

"மார்க் இல்லன்னா எதுக்கு மிஸ் எழுதணும்?" என்று வகுப்பே கேட்டது. நியாயமான கேள்விதான்.

நிலைமம் நடத்திய மறுநாள், பஸ் சட்டென்று நின்றால் நாம் ஏன் முன்னால் சாய்கிறோம் என்று கேட்டேன். புவனா என்ற மாணவி எழுதியிருந்தாள்: "பஸ்ஸ தான் டிரைவர் நிறுத்துறாரு. நம்மள யாரும் நிறுத்தல. நாம போய்கினே கீறோம்." இத்தனை வருடத்தில் நான்கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

மாதத் தேர்விலும் அந்தக் கேள்வி வந்தது. எங்கள் பள்ளியில் ஒரு பிரிவின் தாளை அடுத்த பிரிவு ஆசிரியர் திருத்துவார். விடைக்குறிப்பில் அடிக்கோடிட்ட சொற்கள் இருந்தால் மார்க், இல்லாவிட்டால் சுழி. எல்லாக் கேள்விக்கும் தன் பேச்சிலேயே பதில் எழுதிய புவனா பெயில். பெயிலானவர்களை 'மெல்லக் கற்போர்' வகுப்பில் போட்டு, பாஸாக மட்டும் போதுமான மினிமம் மெட்டீரியலை உருப்போட வைப்பார்கள். அங்கே போனால் பதினொன்றாம் வகுப்பில் சயின்ஸ் குரூப் தரமாட்டார்கள். புவனாவோ நர்ஸ் ஆகவேண்டும் என்று இருந்தாள்.

அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் ஷிப்ட் முடித்த கையோடு அவள் அம்மா வந்து நின்றார்.

"இன்னா டீச்சர், ஊட்ல எம் பொண்ணு பஸ்ஸு நின்னா ஏன் முன்னால தள்ளுதுன்னு எனக்கே சொல்லிக் குடுக்குது. இங்க வந்தா பெயிலுன்றீங்கோ. எங்க தான் தப்பு கீது?"

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. தாளை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனேன். அவர் படித்துப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கா டீச்சர். ஆனா பப்ளிக் எக்ஸாம் பேப்பர நீங்களா திருத்தப் போறீங்க?"

அடுத்த மாதத் தேர்வு வரைக்கும் அவளை என் வகுப்பிலேயே விடும்படி கெஞ்சி வாங்கினேன்.

பள்ளி விட்டதும் அவளை உட்கார வைப்பேன். முதலில் அவள் பதில். பிறகு, 'யாரும் நிறுத்தல' என்ற இடத்தில் 'புறவிசை செயல்படவில்லை' என்று மாற்றி எழுதவேண்டும். தெரிந்த விஷயத்துக்கே யூனிஃபார்ம் மாட்டிவிடும் வேலை. இரண்டு பேருக்கும் அலுத்துப்போனது. ஆனாலும் அடுத்த தேர்வில் நல்ல மார்க்கோடு தேறினாள். சயின்ஸ் குரூப் கைவிட்டுப் போகவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளைக்குப் புரிந்ததா என்று பார்ப்பது வேறு, மார்க் போடுவது வேறு. இரண்டாவதை விட முடியாது, விட்டால் பிள்ளை தோற்றுப்போகும். எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் முதலாவதை விட்டுவிடாதீர்கள்.

ரிசல்ட் வந்த மறுநாள் வழக்கம்போலக் கரும்பலகையில் கேள்வியை எழுதினேன். புவனா எழுந்து நின்றாள்.

"மிஸ், இது மார்க் போடுற டெஸ்டா, போடாததா?"

"போடாததும்மா."

"அப்ப எனக்குப் புரிஞ்சத எழுதலாமா மிஸ்?"