நான் ஒரு ட்யூப் பிள்ளை

எங்கள் வீட்டில் 'ட்யூப்' என்று யாராவது குரல் கொடுத்தால், எந்த ட்யூப் என்று கேட்க வேண்டியதில்லை. குரல் வருகிற இடத்தை வைத்தே தெரிந்துவிடும். வாசலிலிருந்து அப்பா கேட்டால் சைக்கிள் ட்யூப், குளியலறையிலிருந்து அம்மா கேட்டால் பேஸ்ட். அதே அம்மா அடுப்படியிலிருந்து கேட்டால் கையைச் சுட்டுக்கொண்டாள் என்று அர்த்தம். மருந்து ட்யூப்பை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். கூடத்தில் சிமிட்டிச் சிமிட்டிக் கடைசியில் எரிகிற ட்யூப்லைட்டின் பெயர் எனக்கும் சேர்த்தே வழங்கியது. இன்றைக்குச் சொன்ன ஜோக்குக்கு நான் நாளைக்குத்தான் சிரிப்பேனாம்.

அப்பாவுக்கு மாடம்பாக்கம் ரோட்டில் பஞ்சர் கடை. அவர் ஒட்டிய ட்யூப் அதே இடத்தில் மறுபடி காற்று விட்டதாகச் சரித்திரம் கிடையாது. ஒட்டி முடித்ததும் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்ப்பார். ஒரு குமிழியும் வராவிட்டால் "தங்கிடுச்சு" என்பார். வண்டிக்காரர்கள் அந்த ஒரு சொல்லை நம்பி வேலூர் வரைக்கும் போவார்கள். எனக்கு அதில் பெருமை தாங்காது. டாக்டர் பிள்ளைகள் இரண்டு பேர் என் வகுப்பில் படித்தார்கள், அவர்களைப் பார்த்து நான் ஒரு நாளும் பொறாமைப்பட்டதில்லை.

நான்காம் வகுப்பில் பள்ளி ஆண்டு விழாவுக்கு, ஒரு சொல்லை எடுத்து அதன் பல பொருள்களை மேடையில் சொல்ல வேண்டும் என்றார் தமிழ் மிஸ். பிள்ளைகள் படி, மாலை, திங்கள் என்று கௌரவமான சொற்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். நான் ட்யூப் என்றேன். அது தமிழ்ச் சொல்லா என்று மிஸ் கேட்டார். எங்கள் வீட்டில் எல்லாரும் தமிழில்தான் ட்யூப் என்கிறார்கள் என்றேன். மிஸ் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை.

கடைசியாகச் சொல்வதற்கு யாரிடமும் இல்லாத ஒரு பொருள் என்னிடம் இருந்தது. பொழிச்சலூரில் அம்மாவுக்கு ஒரு சிநேகிதி உண்டு. என் வயதில் அவருக்கும் ஒரு பையன். வருஷா வருஷம் இரண்டு குடும்பமும் வண்டலூருக்குப் போய் விலங்குகளைப் பார்த்துவிட்டு வருவோம். அந்த வருஷம் குரங்குக் கூண்டுக்கு முன்னால் நின்றுகொண்டு அந்த ஆன்ட்டி, "நம்ம ட்யூப் புள்ளைங்க ரெண்டும் எப்படி வளந்துடுச்சுங்க பாரு" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ட்யூப் பிள்ளை என்றால் என்ன என்று வீட்டுக்கு வந்து அம்மாவை அரித்தெடுத்தேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்தார். பிறகு அம்மா ஒரு கதை சொன்னாள். நான் பிறந்த அன்று ஏரி நிரம்பித் தெருவெல்லாம் இடுப்பளவு வெள்ளம். அப்பா கடையிலிருந்து லாரி ட்யூப்பைக் கொண்டுவந்து, மேலே பலகை கட்டி, வலியில் துடித்த அம்மாவை உட்காரவைத்து மெயின் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். அதனால்தான் நான் ட்யூப் பிள்ளை. கதையில் ஒரு சொல்லும் பொய்யில்லை, அந்தக் கடைசி வரியைத் தவிர. பொழிச்சலூர் பையனும் அப்படியே மிதந்து வந்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றாள் அம்மா, சற்று யோசித்து.

என் பிறப்புக்கு இன்னொரு கதையும் இருந்தது. அது அப்பாவின் அக்காவுடையது. அம்மாவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லை. அத்தைதான் ஈரப் புடவையோடு அம்மன் கோயிலைச் சுற்றி உருண்டு வேண்டிக்கொண்டார். என் பிறந்தநாள் தோறும் வருகிறவர்களிடமெல்லாம் "நான் உருண்டு வாங்கின பொண்ணு" என்று என் கன்னத்தைக் கிள்ளுவார். அம்மா புன்னகையோடு கேக் வெட்டுவாள்.

விழா அன்று அத்தையும் வந்து அப்பா அம்மாவுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் மேடையேறி சைக்கிள், பேஸ்ட், மருந்து, விளக்கு, விளக்கின் பெயரால் வாங்கும் திட்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தேன். நல்ல சிரிப்பு. அந்தத் தைரியத்தில் நெஞ்சை நிமிர்த்தி, "நானும் ஒரு ட்யூப் பிள்ளைதான்" என்றேன்.

மண்டபம் கப்சிப் என்று ஆகிவிட்டது. டெஸ்ட் ட்யூப் பேபி என்றால் என்னவென்று எனக்குத்தான் தெரியாதே தவிர, அங்கே இருந்த பாதிப் பேருக்குத் தெரியும். எங்கள் சொந்தத்தில் அப்படிப் பிறந்த பிள்ளையை, யார் பிள்ளையோ என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குப் பயந்துதான் வீட்டில் இருவரும் அதுவரை மூச்சு விடவில்லை. அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தது மேடையிலிருந்து தெரிந்தது. நான் விடாமல் வெள்ளத்தையும் லாரி ட்யூப்பையும் சொன்னேன். எல்லாரும் திரும்பி அப்பாவைப் பார்த்துக் கைதட்டினார்கள். எனக்குப் பரிசு கிடைத்தது. கண்டம் தப்பியது.

அதோடு விட்டிருக்கலாம். வீட்டில் காபி குடிக்கும்போது, லாரி ட்யூப்பைச் சொன்னவள், தான் உருண்டதைச் சொல்லவில்லையே என்று அத்தை குறைப்பட்டுக்கொண்டார். அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, அவ ட்யூப் புள்ளதான். லாரி ட்யூப் இல்ல, ஆஸ்பத்திரி ட்யூப். இவரு புள்ள, என் புள்ள. ஒடம்பெல்லாம் ஊசி குத்திக்கினு பெத்தேன். மேடை ஏறி அவளே பெருமையா சொல்லிட்டா. நான் இன்னாத்துக்கு மூடி மூடி வெக்கணும்?"

அம்மா அவ்வளவு நீளமாக அத்தையிடம் பேசி நான் கேட்டதேயில்லை. அப்பா எழுந்து போய் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தார். எனக்கோ கோபம். பரிசு வாங்கித் தந்த லாரி ட்யூப்பை இப்படி இல்லை என்று சொல்லிவிட்டாளே.

அத்தையின் காபியில் ஆடை படிந்துவிட்டது. அதை விரலால் ஒதுக்கிவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"ட்யூப்ல வெச்சிட்டா ஆச்சா? தங்க வேணாமா? அதுக்குத்தான் நான் உருண்டேன்."

தங்குவது என்றால் எனக்குத் தெரியாதா? பஞ்சர் கடைக்காரர் பெண்ணிடமா இந்தக் கேள்வி?

"எங்கப்பா கை வெச்சது எது அத்தை தங்காம போயிருக்கு?" என்றேன்.

அத்தை என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். அம்மா சிரித்தாள், சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தாள். அப்பா, நன்றாக இருந்த தன் வண்டியின் டயரை அமுக்கிப் பார்க்க வாசலுக்குப் போய்விட்டார். பிரமாதமான ஜோக் ஒன்று சொல்லிவிட்டேன் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கு முன்னால் அம்மாவின் வயிற்றில் தங்காமல் போனவை இருந்தன என்பது இந்த ட்யூப்லைட்டுக்கு எரிய இன்னும் பல வருஷம் பிடித்தது.